ஏ.சி. பம்ப்: மூலபாடமும் இடைச்செருகலும்

பழைய லாரியின் பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டுவது பட்டறை வேலை என்றே இதுகாறும் கருதி வந்துள்ளனர். அது பதிப்பாசிரியர் வேலை என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குக் கொண்டது, 1947 முதல் 1953 வரை வந்த செவர்லே 3100 வண்டி. அதன் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில் தொற்றிக்கொண்டிருப்பது, ஆல்பர்ட் சாம்பியனின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஏ.சி. பம்ப். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாய் சேவ்ரியில் வண்டி பூட்டத் தொடங்கிவிட்டதால், செவர்லே நம் மெக்கானிக்குகளுக்குப் புறச்சமயம் அன்று.

எஞ்சின்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. கேம் ஷாஃப்டில் உள்ள மேடு ராக்கர் ஆர்மை உதைக்கும். பம்பினுள் இருக்கும் டயாபிரம் என்னும் சவ்வு, ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு இறங்கும். அந்த இழுப்பில் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். எஞ்சினின் பங்கு அத்தோடு சரி. திருப்பித் தள்ளுவது ஸ்பிரிங். கார்புரேட்டர் நிறைந்து ஊசி அடைத்துக்கொண்டால் டயாபிரம் கீழேயே உட்கார்ந்துவிடும், ஆர்ம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 பவுண்டு என்னும் அந்த அழுத்தம் முழுக்க ஸ்பிரிங்கின் சம்பாத்தியம். சத்தம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. அரசு அலுவலகம் போய் வந்தவர்களுக்கு இதற்கு மேல் உரை வேண்டா.

இனி ஏட்டுச் சிதைவு. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர்த் துணி டயாபிரத்துக்குக் கரையான். கிழிந்ததை அறிவிக்கவே பம்பின் அடியில் ஒரு பொடித் துளை வைத்திருக்கிறார்கள். அதில் பெட்ரோல் சொட்டினால் டயாபிரம் போயிற்று. எஞ்சின் ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போயிற்று. துளை சேறடைத்துக் கிடந்தால் பெட்ரோல் சத்தமில்லாமல் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை மோந்து பார்ப்பதும், ஆயில் தானாகக் கூடியிருக்கிறதா என நோக்குவதும் இங்கே தக்க சான்றாகும். 216இன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் பாபிட் உலோகத்தாலானவை, அள்ளித் தெறிக்கும் ஆயிலை நம்பி வாழ்பவை. அவற்றுக்கு இந்தக் கலப்பு சாதாரண எழுத்துப் பிழை அன்று.

பம்பின் மேல் ஈரத்துணி சுற்றும் மரபினர், வண்டி நின்றுபோகும் நோய் சூட்டால் வந்தது என்பர். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது உண்மை. ஆனால் காலைக் குளிரிலும் வண்டி நின்றால் துணிக்கு என்ன வேலை?

புதுப் பம்ப் வாங்கி மாட்டலாமே எனின், மாட்டலாம். இப்போது வருபவற்றில் பல விளிம்பு மடித்து அடைத்தவை, திறக்க இயலாதவை. திறக்க இயலாத நூலுக்கு எவரும் உரை எழுத முடியாது. ஆதலின் யாம் கொள்வது ரிப்பேர் கிட்டே.

பிரிக்குமுன் மேல்பாதி, கீழ்பாதி இரண்டுக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு கிழித்துக்கொள்க. இல்லாவிட்டால் பூட்டும்போது குழாய் வாய் வேறு திசை பார்க்கும். வால்வு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; ஒன்று உள்ளே விடுவது, மற்றது வெளியே விடுவது. மாற்றிப் போட்டால் எதிர்மறைப் பொருள் தரும். ஸ்குரூக்களை முதலில் லேசாகப் பிடித்து, ஆர்மை முழுக்க அழுத்திப் பிடித்தபடியே பிறகு இறுக்குக. அப்படிச் செய்யாவிடில் டயாபிரம் விறைத்து நின்று, முழு வீச்சுக்கு இழுக்கும்போது கிழியும். பலரும் பிழைபடும் இடம் இதுவே. பூட்டியபின் உள்வாயை விரலால் அடைத்து ஆர்மை அசைத்தால் விரல் கவ்வப்பட வேண்டும்.

வேலை முடிந்ததும் தட்டில் ஒரு வாஷர் மிஞ்சும். ‘அது கம்பெனிக்காரன் கூடப் போட்டதுங்க’ என்பது மெக்கானிக்கின் இடைச்செருகல் கொள்கை. கிட்டில் பல மாடலுக்கும் பொதுவாகச் சாமான் போடுவது உண்டாதலால், இதை முற்றும் தள்ளுதற்கில்லை. மிஞ்சியது பளபளவென்று இருந்தால் அவர் சொல்வதே சரி. கறுத்து ஆயில் பிசுக்கோடு கிடந்தால் அது மூலபாடம். ஸ்பேனரை மறுபடி எடுக்க.