கேளுங்கள், கோத்துத் தருகிறேன்!

இந்த முறை தபால் முழுக்கக் கவசம். அமராவதி நகரில் ஒரு மாணவர் கொளுத்திப் போட்டார். உடுமலை முதல் கரூர் வரை பற்றிக்கொண்டது.

பள்ளி மாணவர், அமராவதி நகர்: ஆண்டு விழா நாடகத்துக்கு சாமுராய் கவசம் செய்யப் போகிறோம். முதலில் என்ன வாங்குவது?

நூல், தம்பி. தகடு அப்புறம்.

சாமுராய் கவசத்தின் அடிப்படை கொசானே என்ற சின்னச் செதில். விரல் நீளம், பதின்மூன்று பதினான்கு துளை. ஒரு செதில்மேல் அடுத்தது பாதி ஏறி உட்காரும். அதனால் எங்கே குத்தினாலும் இரண்டு தடிமன். அப்படிக் கட்டிய வரிசைக்கு மரப்பால் மெருகு பூசி, வரிசைக்குக் கீழ் வரிசையாகப் பட்டு நாடாவில் தொங்கவிடுவார்கள். நாடா அறுந்தால் தளபதி தகரம் பொறுக்க வேண்டியதுதான்.

ஓவர்லாக் டெய்லர், பல்லடம்: அப்படியென்றால் அது எங்கள் தொழில் என்கிறீர்களா?

சந்தேகமில்லாமல். ஆனால் பனியன் துணி உதவாது. அது இழுத்தால் நீளும், மார்புத் தகடு முழங்காலுக்கு வரும். வேண்டியது முடைந்த நாடா. உங்கள் ஹூடிக் கழுத்தில் தொங்குகிறதே கயிறு, அதற்குத் தட்டையான தாத்தா.

பாத்திரத் தொழிலாளி, அனுப்பர்பாளையம்: தகட்டில் துளை போடுவது எங்களுக்கு ஒரு வேலையா?

துளை போடுவது வேலையில்லை. துளையின் பிசிறை எடுப்பது வேலை. விட்டால் நூலை அறுத்துவிடும்.

இன்னொன்று: டை செய்து ஒரே அளவில் அடியுங்கள். தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் தப்பினால் நூறாவது தகட்டில் ஐந்து சென்டிமீட்டர் கோணல். எடைக்குப் பயந்தால் ஜப்பானியர் வழி இருக்கிறது: உயிர் நிலைகளில் இரும்பு கலந்தார்கள், மற்ற இடத்தில் பதனிடாத தோல். நாடகத்துக்கு அலுமினியம் போதும். எதிரி ஒன்பதாம் வகுப்புதானே!

சாயப்பட்டறை மேற்பார்வையாளர், திருப்பூர்: எண்ணூறு வருடப் பழைய கவசத்திடம் நாங்கள் கற்க என்ன இருக்கிறது? சாயத்தில் எங்கோ போய்விட்டோம்.

உட்காருங்கள், இது உங்களுக்கென்றே நடந்த கதை.

தோக்கியோ மாநகர எல்லைக்குள், ஓமே நகரின் மலையில் முசாஷி மிதாகே ஆலயம். அங்கே செந்நூல் கோத்த பெருங்கவசம் ஒன்று தேசியச் செல்வமாக இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுப் பொருள். ஹதாகேயாமா ஷிகெதாதா என்ற வீரர் காணிக்கையாகக் கொடுத்தது என்பது மரபு.

1903இல் பழுது பார்த்தார்கள். இற்றுப்போன இடங்களில் புது நாடா கோத்தார்கள். அன்றைய நவீன ரசாயனச் சாயம். அன்று பார்த்தவருக்குப் பழையதும் புதியதும் ஒரே சிவப்பு. இன்று? புது நாடா வெளிறி இளஞ்சிவப்பாகக் கிடக்கிறது. அகானே வேரில் சாயமேற்றிய பழைய நாடா இன்னும் சிவப்பு!

அகானே நம் மஞ்சிட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை. சோழமண்டலக் கரைத் துணியைச் சிவக்க வைத்த சாயவேரும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்ததே. வாங்குபவர் கேட்பது இருபது சலவைக்கு நிற்கிற சாயம். அகானே ஏற்றிய கைகள் கொடுத்தது எட்டு நூற்றாண்டுக்கு நிற்கிற சாயம். யார் எங்கோ போனார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்லூரி மாணவி, உடுமலை: செதில் கவசத்தை மனிதன் யாரிடம் கற்றான்?

அமராவதி அணைக்குப் போகிற வழியில் முதலைப் பண்ணையில் படுத்திருக்கிறார், போய்ப் பாருங்கள் அம்மணி. முதுகு மேடு ஒவ்வொன்றுக்கும் அடியில் எலும்புத் தகடு. எகிப்தில் ரோமானியர் காலத்தில் முதலைத் தோலையே கவசமாகப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் அழுங்கின் செதிலைத் தைத்துப் பொன் தீட்டி ஒரு மேலங்கி செய்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகப் போய், இன்று லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸில் நிற்கிறது. நம் நகம் எந்தப் பொருளோ அழுங்குச் செதிலும் அதே பொருள். அதற்காக இன்னும் அழுங்கைக் கொல்கிறார்கள் என்பது வயிற்றெரிச்சல். 1972 வனவிலங்குச் சட்டம் உள்ளே தள்ளும். முதலையையும் கண்ணால் மட்டும் அளந்து வாருங்கள்.

தமிழாசிரியர், கரூர்: நம் இலக்கியத்தில் கவசம் உண்டா?

உங்கள் ஊர் வாசலிலேயே உண்டு ஐயா. புறநானூற்றின் 13ஆம் பாட்டு. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியை மதம் கொண்ட யானை கருவூருக்குள் சுமந்து வருகிறது. பக்கத்தில் நிற்கும் சேரமானுக்குப் புலவர் முடமோசியார் அவனை அடையாளம் காட்டுகிறார். மேலே புலித்தோல் கவசம்; அம்பு பாய்ந்து கிழிந்திருக்கிறது.

கிழிசலைப் பார்த்தாரே, அதுதான் புலவர் கண். பழைய கவசத்தில் முதலில் பார்க்க வேண்டியதும் அதையே: எங்கே அடி வாங்கியது, எங்கே ஒட்டுப் போட்டார்கள்.

மாட்டு வியாபாரி, காங்கேயம்: காளைக்குக் கவசம் இருந்ததா?

காளைக்குக் கொம்பு போதும். ஆனைக்கு இருந்தது. சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியட்டா, 1800இல் மைசூர், கோவை, தஞ்சை என்று தெற்கைச் சுற்றி வந்தவர். 1801இல் ஊர் திரும்பும்போது ஒரு யானைக் கவசத்தையும் கொண்டுபோனார். இரும்பு வளையத்தில் கோத்த 5,840 தகடுகள், 118 கிலோ. அதுவும் சில பகுதிகள் தொலைந்த பிறகு!

நூற்பாலை ஊழியர், தாராபுரம்: பருத்தியில் கவசம் முடியுமா?

முடிந்திருக்கிறது. திப்பு சுல்தானுடையவை என்று பிரிட்டனில் காத்துவரும் தலைக்கவசங்களும் இடுப்புக் கவசமும் அடுக்கடுக்காகத் துணி தைத்தவை. வாள் வெட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். பீரங்கியிடம் பேச்சு வேறு.

வாசகர், மடத்துக்குளம்: அவ்வளவு நல்ல செதில் கவசத்தை ஜப்பானியர் ஏன் குறைத்தார்கள்?

1543இல் போர்ச்சுகீசியர் துப்பாக்கியோடு வந்தார்கள். குண்டுக்கு முழுத் தகடே மேல். நாடாவுக்கும் நோய் இருந்தது: 1800இல் சகாகிபாரா கோசான் என்ற அறிஞர் பட்டியலே போட்டார். நனைந்தால் கனக்கும், குளிரில் உறையும், நீண்ட போரில் பேன் குடியேறும். எதிரியை விரட்டலாம், பேனை விரட்ட முடியுமா?

வாசகி, அவிநாசி: அருங்காட்சியகத்தில் எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்பலாமா?

1613இல் ஜப்பானின் ஷோகுன் தோகுகாவா ஹிதேதாதா, கப்பல் தலைவர் ஜான் சாரிஸ் வழியாக இங்கிலாந்து அரசருக்கு இரண்டு கவசம் அனுப்பினார். அதில் ஒன்றை லண்டன் கோபுரத்தில் 'முகலாயப் பேரரசரின் கவசம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அட்டையைப் படியுங்கள், பிறகு கோத்த முறையைப் படியுங்கள். நூல் பெயர் மாற்றிச் சொல்லாது.

பழம்பொருள் பிரியர், திருப்பூர்: பழைய சாமுராய் கவசத் துண்டு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிப் புதுநூல் கோக்கட்டுமா?

வாங்குங்கள், கத்தரியைத் தொடாதீர்கள். பின்பக்கம் திருப்பி, நூல் எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளிவருகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். துளை இடைவெளியை அளந்து, அதே மாதிரி புதுசாக ஒன்று செய்யுங்கள். பிரித்துப் போட்ட பழைய முடிச்சை எந்த நிபுணராலும் திரும்பப் போட முடியாது.

மாணவர்கள், உடுமலை: வெளிநாடு போகாமல் பழைய ஆயுதங்களை எங்கே பார்க்கலாம்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்குள்ள ஆயுதங்களில் பல தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து 1863இல் வந்தவை. வந்தவை என்றால் மிஞ்சியவை; பெரும்பகுதியை வெள்ளைக்காரர்கள் உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. கண்ணாடிக்கு வெளியே நின்று செல்பி எடுத்த கையோடு, ஆணி, தையல், துளை இதையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டு வாருங்கள், கண்ணுகளா.