தெரிஞ்ச ஆள் ஒருத்தர்

இனி யாராவது "நமக்குத் தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பித்தால், எழுந்து அரசலாற்றுப் பக்கம் நடையைக் கட்டப் போகிறேன். நேற்று தலத்தெருவில் ஒரு காதுகுத்து. பந்தியில் ரசத்துக்குக் குழி பண்ணும் நேரம் பார்த்து ஒருவர் இதைச் சொன்னார். பக்கத்து இலைக்காரருக்கு அவரைவிட நல்ல ஆளைத் தெரிந்திருந்தது. எதிர்வரிசைக்காரர் "அவனா? வேணவே வேணாம்" என்றார். மோர் வருவதற்குள் சங்கம் வைக்கிற அளவுக்கு வெல்டர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவருடைய போன் நம்பரும் யாரிடமும் இல்லை.

வண்டி, மாமனார் விட்டுப்போன பிரீமியர் பத்மினி. 1089 சிசி என்ஜின். அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கீழே. கடற்காற்று தரைத் தகட்டைத் தின்றுவிட்டது, பின்சீட்டில் உட்கார்ந்தால் ரோடு தெரியும். பம்பாயின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது நாடே உருகியது. அதே வண்டி என் வாசலில் நிற்கிறது. பாசமாக விசாரிப்பவர் காயலான் கடைக்காரர் ஒருவர்தான். 'வின்டேஜ்' என்று மார்தட்டலாம் என்றால், 2021-இல் வந்த விதிப்படி அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகவேண்டும். இன்னும் ஆகவில்லை. எனக்கு எப்போதோ ஆகிவிட்டது, யாரும் பதிவுச் சான்று தரவில்லை.

எந்த வெல்டர், எந்த மெஷின் என்று உருப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் கேட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நம் பக்கத்துப் பட்டறைகளுக்குச் சோறு போடுவது கேட். வெளிநாட்டுப் பணம் வருகிறது, வீடு எழும்புகிறது, வீட்டை மறைத்துக்கொண்டு கேட் எழும்புகிறது. உச்சியில் ஈட்டி வரிசை. நடுவில் மயில். மயிலுக்குத் தங்கக் கலர். பெரிய கேட்டுக்குள் ஆள் நுழைய ஒரு சின்ன கேட். அதிலும் ஒரு குட்டி மயில். இதைச் செய்த கைதான் பத்மினிக்கும் வரும். லாரி மாதிரி தனிச் சேசிஸ் மேல் உட்கார்ந்த உடம்பு இல்லை பத்மினிக்கு, உடம்பேதான் எலும்பு. தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதுவும் துருவுக்கு முந்தைய கணக்கு. சூடு கொஞ்சம் கூடினால் அப்பளமாக நெளிந்துவிடும். இந்த மூலையில் ஒரு பொட்டு, அந்த மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று என்று பொறுமையாக வைக்க வேண்டும்.

கேட்காரர் 3.15 ராடை மாட்டி, மெஷினை 120 ஆம்பியரில் வைத்துத் தொடுகிறார். ஓட்டை. ஓட்டையை அடைக்கிறார். பெரிய ஓட்டை. "தகடு வீக்கு சார்" என்று தகட்டின் மேல் பழி. பிறகு கேட் செய்த மிச்சத்திலிருந்து ஒரு கனத்த பட்டையைக் கொண்டுவந்து மேலே போட்டு, சுற்றி ஒட்டி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, "இனி யானை ஏறினாலும் அசையாது" என்கிறார். யானை ஏறும் என்று நான் எப்போதய்யா சொன்னேன்? பட்டைக்கு அடியில் பழைய துரு, கூரை கிடைத்த நிம்மதியில் குடும்பம் நடத்தும். இப்படி வைத்தியம் பார்த்த அம்பாசடர் ஒன்று ஊரில் இருக்கிறது. ஆங்கிள், சி-சேனல், சதுர பைப் எல்லாம் உண்டு. ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் இறங்குகிறது. பின்கதவுக்குக் கொண்டி போட்டுப் பூட்டு. பானெட்டில் மயில் ஒன்றுதான் பாக்கி. அதற்கும் அட்வான்ஸ் கொடுத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். கொண்டி நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

கேட் ஆள் வேண்டாம் என்றால் வளைகுடா ஆள். அவர் '6ஜி' பாஸ். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயை, அதைத் திருப்பாமல், தான் சுற்றிச் சுற்றி வந்து ஒட்டிக் காட்டும் பரீட்சை, லேசுப்பட்டதில்லை. நிரவியில் ஓ.என்.ஜி.சி. இருக்கிற ஊர் என்பதால் இந்தப் பட்டத்துக்கு இங்கே தனி மரியாதை. வந்தவர் படுத்துக் குனிந்து எல்லாம் பார்த்துவிட்டு, "ஒட்டினதுக்கு அப்புறம் எக்ஸ்ரே எடுப்பீங்களா?" என்றார். பெயிண்ட் அடிப்போம் என்றேன். முகம் வாடிப் போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

"நீங்களே ஒரு மிக் மெஷின் வாங்கிடுங்க" என்பது அடுத்த கட்சி. மெல்லிய தகட்டுக்கு அதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பி உருகும் இடத்தை வாயு மூடிக் காக்க வேண்டும். மதியம் கடற்காற்று கிளம்பினால் வாயுவைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஒட்டு முழுக்கப் பொத்தல். கேஸ் இல்லாத கம்பி ஒன்று இருக்கிறது. காற்றுக்கு அசையாது, ஆனால் சூடு கூடுதல், மெல்லிய தகடு ஓட்டை. ஓட்டை என்றதும் கேட்காரர் நினைவு வந்து மெஷின் ஆசையே போய்விட்டது.

மச்சினன் யோசனைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. "மாமா, பேசாம திருநள்ளாறு நள தீர்த்தத்துல ஒரு முழுக்குப் போடுங்க. எல்லாரும் துணிய விட்டுட்டு வர்றாங்க, நீங்க வண்டிய விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க."

செய்யலாம்தான். ஆனால் அதுவரை ஓட்டிக்கொண்டு போக டிரைவர் சீட்டுக்குக் கீழே கொஞ்சமாவது தகடு வேண்டுமே!