‘மிலிட்டரி கிரேடு’ பேக் கவர் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பேக் கவர் வாங்குவோரில் ஒருவன்,
சென்னை.

பெறுநர்:
அமெரிக்கப் பாதுகாப்புத் துறை,
பென்டகன், ஆர்லிங்டன், வர்ஜீனியா.

பொருள்: கைப்பேசிக் கவர் – தங்கள் ராணுவத்தின் பெயரைச் சொல்லி விற்றல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் செந்தரம் மில்-எஸ்டிடி-810, ‘ஜி’ பதிப்பு (2008), ‘எச்’ பதிப்பு (2019). 2. கடைக்காரரின் வாய்மொழி உத்தரவாதம், நாளிடப்படாதது.

ஐயா,

2025 செப்டம்பர் முதல் தங்கள் துறைக்குப் போர்த் துறை என்றும் பெயர் சூட்டியிருப்பதாகச் செய்தியில் படித்தேன். எனக்குப் போரில் நாட்டமில்லை, பாதுகாப்புதான் வேண்டும். ஆகவே பழைய பெயருக்கே எழுதுகிறேன். தபால் எப்படியும் அதே கட்டடத்துக்குத்தானே வரும்.

சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு என்று ஒன்று உண்டு. எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன இடம். அங்கே தங்கள் ராணுவத்துக்கு இருக்கும் செல்வாக்கு தங்களுக்கே தெரிந்திருக்காது. சுவரில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பேக் கவர்களில் சாதாரணமானது 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும். அதையே நான்கு மூலையிலும் கொஞ்சம் புடைக்க வைத்து, முதுகில் நாலு கோடு போட்டு, ‘மிலிட்டரி கிரேடு’ என்று அச்சடித்துவிட்டால் 300, 400 என்று ஏறிவிடும். சீருடை மாட்டியதும் மதிப்புக் கூடுவது எங்கள் ஊரிலும் வழக்கம்தான்.

“மாடியிலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார். அமெரிக்கா மிலிட்டரியே டெஸ்ட் பண்ணது” என்றார் கடைக்காரர்.

“ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.”

“உங்க ஃபோனைக் குடுங்க சார், தாராளமா போட்டுக் காட்டறேன்.”

அப்படியொரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தாங்கள் என்பதால், தங்கள் 810 செந்தர ஏட்டைத் தேடிப் பிடித்துப் புரட்டிவிட்டே இதை எழுதுகிறேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது. 1962-இல் தங்கள் விமானப்படை தொடங்கி வைத்த காரியம், ஒவ்வொரு பதிப்பிலும் பருத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதிக உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் என்ன ஆகும், வெயிலில், குளிரில், மழையில், புழுதியில், உப்புக் காற்றில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை முறை. துப்பாக்கி முழங்கும் அதிர்வுக்கு ஒன்று. ரயில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் அதிர்ச்சிக்கு ஒன்று. பூஞ்சை பிடிக்கிறதா என்று பார்க்கவே குறைந்தது 28 நாள் வைத்திருக்கச் சொல்கிறீர்கள். எழுதியவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்துவிட்டது.

ஆனால் என் கவர்ப் பெட்டியில் ‘810ஜி தேர்ச்சி’ என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பாடத்தில் தேர்ச்சி என்று இல்லை. பூஞ்சையிலா, பீரங்கியிலா?

கீழே விழும் சோதனையாகத்தான் இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு வைத்துக்கொள்வோம். முறை எண் 516. ஓர் ஆள் சுமந்து செல்லக்கூடிய கருவி 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு அடியிலிருந்து, 26 முறை விழ வேண்டும். ஒரு பெட்டிக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. கூட்டினால் 26. ஒவ்வொன்றும் ஒரு முறை அடிபட வேண்டும் என்பது கணக்கு. அழகான கணக்கு, குறை சொல்ல மாட்டேன். நான்கு அடி என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. ஃபோனைக் காதில் வைத்துப் பேசும்போது அது ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. தங்கள் சிப்பாய் கருவியைச் சுமந்து போகிறவர். நாங்கள் பேசுவதற்கென்று வாங்கியவர்கள்.

அடுத்தது தரை. ‘ஜி’ பதிப்புப்படி கருவி விழ வேண்டிய இடம், கான்கிரீட்மேல் பதித்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. ஐயா, எங்கள் ஊரில் ஒட்டுப்பலகை பரப்பிய தரை என்றால் அது கல்யாண மேடை. அதிலும் மேலே கம்பளம் விரித்திருப்பார்கள். மற்றபடி எங்கள் ஃபோன்கள் விழுவது மொசைக்கில், கிரானைட் படியில், கடப்பாக் கல்லில், பேவர் பிளாக்கில், தார்ச் சாலையில். விழுகிற தரை எது என்பது சின்ன விஷயமும் அல்ல. ஃபோன் கண்ணாடி தயாரிக்கும் கார்னிங் நிறுவனமே 2022-இல் கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2 வெளியிட்டபோது, தார் போன்ற பரப்பு என்றால் 2 மீட்டர், கான்கிரீட் போன்ற பரப்பு என்றால் 1 மீட்டர் என்று பிரித்துத்தான் சொன்னது. கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்து வாக்குறுதி தருகிறார். கவர்க்காரர் வானத்தைப் பார்த்துத் தருகிறார்.

இதையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது ஒரு சலுகை. அந்த 26 விழுதலையும் சோதனை மாதிரி ஒன்றே தாங்க வேண்டியதில்லை, ஐந்து மாதிரிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்திருக்கிறீர்கள். ராணுவத்துக்குக் கருவி வாங்குகிறவருக்கு அது நியாயமாக இருக்கலாம். வடிவமைப்பைத்தானே அவர் சோதிக்கிறார். ஆனால் நான் வாங்குவது ஒரே ஒரு கவர். ஐந்து பேர் பிரித்து வாங்கிய அடியை அது தனியாளாக வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது விண்ணப்பத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கடையில் தொங்கும் கவரைத் தாங்கள் சோதித்ததே இல்லை. சோதிப்பது தங்கள் வேலையும் இல்லை. தங்கள் ஏடு இப்படிச் சோதிக்கலாம் என்று வழி சொல்கிறது; கருவி எங்கே, எப்படிப் புழங்குமோ அதற்கேற்பச் சோதனையை வெட்டித் தைத்துக்கொள்ளவும் சொல்கிறது. பொறியாளருக்கு அது புத்திசாலித்தனமான அறிவுரை. கவர் விற்பவர் கையில் கிடைத்தால் அது வெற்றுக் காசோலை. எதைச் சோதிப்பது, எத்தனை முறை, எந்தத் தரையில், யார் ஆய்வகத்தில் என்று அவரே முடிவு செய்துகொண்டு, தேர்வு எழுதி, தாளும் திருத்தி, முதல் வகுப்பில் தேறிவிடலாம். நல்ல ஆய்வகத்தில் ஒழுங்காகச் சோதித்து, விவரத்தையும் வெளியிடும் நிறுவனங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பெட்டியிலும் அதே இரண்டு சொல், தகரக் கொட்டகையில் வார்த்தவர் பெட்டியிலும் அதே இரண்டு சொல்.

உள்ளூர் முத்திரையை விட்டுவிட்டுத் தங்கள் பெயருக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று யோசித்தேன். காரணம் எளிது. எங்கள் ஊரில் இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்று ஒரு தரம் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையைக் கள்ளத்தனமாக அடித்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; கிடங்குக்குள் அதிகாரிகள் வந்து நிற்பார்கள். தங்கள் பெயரை அடித்தால் யார் வரப்போகிறார்கள்? ஒரு ரப்பர் கவருக்காக விமானம் தாங்கிக் கப்பல் காசிமேட்டுக்கு வராது என்பது வியாபாரிக்குத் தெரியும். உலகத்திலேயே அதிகம் செலவழிக்கும் ராணுவத்தின் பெயர்தான் உலகத்திலேயே பயமில்லாமல் அச்சடிக்கக்கூடிய பெயராக இருக்கிறது.

கவர்களிலிருந்து தங்கள் பெயரைத் திரும்பப் பெற மனமில்லை என்றால், குறைந்தபட்சம் எங்கள் நிலவரத்தையும் ஏட்டில் சேர்க்க வேண்டும். தங்கள் முறைகள் 528-உடன் முடிகின்றன. தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம்.

முறை 529, சட்டைப் பை. சோதனையாளர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிய வேண்டும். மேல் பையிலிருந்து ஃபோன் தலைகீழாகக் கருங்கல்லில் விழ வேண்டும். செருப்பை மாட்டும்போது இன்னொரு முறை.

முறை 530, ஷேர் ஆட்டோ. மடியில் பை, கையில் சில்லறை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோன். வேகத்தடை அறிவிப்பில்லாமல் வரும்.

முறை 531, சோறூட்டல். இரண்டு வயதுக் குழந்தை கார்ட்டூன் பார்த்தபடி ரசம் சாதம் சாப்பிடும். பாட்டு மாறியதும் ஃபோனை எறியும். எறியும் திசையை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது என்பதால் மாதிரிகளின் எண்ணிக்கையைத் தங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். ரசம் சார்ஜிங் துளை வழியாக இறங்குவதைத் தங்கள் மழைச் சோதனையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முறை 532, கவருக்குள் குடித்தனம். டிரான்ஸ்பரன்ட் கவர் என்பது எங்களுக்கு ஒரு சட்டைப் பை மாதிரி. ஃபோனின் முதுகுக்கும் கவருக்கும் நடுவில் முருகன் படம், மடித்த 100 ரூபாய், ஏடிஎம் கார்டு, மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கும். இத்தனையும் வைத்தபின் கவர் ஒரு மூலையில் வாய் பிளந்துதான் நிற்கும். விழும்போது முதலில் தரையைத் தொடுவது அந்த மூலையாகவே இருக்கும்.

முறை 533, வெயில். ஐஃபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. சென்னையில் மே மாதம் நிழலிலேயே 40-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப் ஓடவிட்டு, சார்ஜும் போட்டு, மேலே தங்கள் தடித்த கவசம் வேறு. உள்ளே இருக்கும் பேட்டரியின் கதி என்ன? சார்ஜ் ஏறும்போது சூடானால் கவரைக் கழற்றிவிடச் சொல்கிறது ஆப்பிள். மிலிட்டரிக் கவர் ஒன்றைக் கழற்றுவதற்கு இரண்டு கையும் ஒரு பல்லும் தேவை.

இதில் டிரான்ஸ்பரன்ட் கவரின் சொந்த சோகமும் உண்டு. அது டிபியூ என்கிற நெகிழி. வெயிலும் சூடும் பட்டுப் பட்டு மஞ்சளாகிவிடும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி, தயாரிக்கும்போதே கொஞ்சம் நீலச் சாயம் கலந்து மஞ்சளைச் சில காலம் மறைப்பவர்கள் உண்டு. புதுக் கவரை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் நீலம் தெரியும்.

2010-இல் ஒரு பொற்காலம் வந்து போனது. ஐஃபோன் 4-ஐ ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்தால் சிக்னல் குறைகிறது என்று உலகமே சத்தம் போட, ஆப்பிள் அதை வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கவர் கொடுத்தது. கவரின் குணநலன் பற்றி ஒரு நிறுவனம் வாயைத் திறந்து ஒப்புக்கொண்ட காரணம் அன்று ஆன்டெனா. அதிலும் ராணுவம் இல்லை.

உண்மையில் ஒரு கவர் செய்யக்கூடிய வேலை மிகச் சாதாரணமானது. விழும் ஃபோன் நிற்பதற்குக் கண நேரம் கூடுதலாகக் கொடுப்பது. அந்தக் கண நேரத்தில் ரப்பர் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி பெரும்பாலும் உடைவது மூலையில். அங்கே அத்தனை அடியும் ஒரு புள்ளியில் இறங்குகிறது. ஐந்து மூலை உள்ள கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் தங்களுக்கு மூலையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூலை தடித்திருக்க வேண்டும், கல் மாதிரி இறுகாமல் அமுக்கினால் கொஞ்சம் இறங்க வேண்டும். திரையைச் சுற்றியுள்ள விளிம்பு திரையைவிட உயர்ந்திருக்க வேண்டும். கேமராவைச் சுற்றியும் அப்படியே. இதைக் கண்டுபிடிக்க ஆயிரம் பக்கம் வேண்டாம். கவர் போட்ட ஃபோனைக் கடைக்காரரின் கண்ணாடி மேசையில் குப்புற வைத்து, அடியில் ஒரு பத்து ரூபாய் நோட்டை நுழைத்துப் பார்த்தால் போதும். நோட்டு தடையில்லாமல் போய் வந்தால் பேசலாம். டெம்பர்டு கிளாஸ் ஒட்டியபின் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். விளிம்பு தரும் உயரத்தை அந்தக் கண்ணாடி தின்றுவிடும். பிறகு முதலில் தரையை முத்தமிடுவது கண்ணாடிதான். கவர் தளர்வாக இருந்தால் இத்தனையும் வீண். பட்டனை அமுக்கக் கட்டைவிரல் வலித்தாலும் வீண், ஏனென்றால் இரண்டாம் வாரமே கழற்றி அலமாரியில் போட்டுவிடுவோம்.

இவற்றில் ஒன்றைக்கூட ‘மிலிட்டரி கிரேடு’ என்ற இரண்டு சொல் எனக்குச் சொல்லவில்லை என்பதே என் புகார்.

ஆகவே ஐயா, தாங்கள் கவர்களைச் சோதிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தங்களுக்கு வேறு வேலைகள் இருக்கும். ‘எங்கள் செந்தரத்தின் பெயரைப் பெட்டியில் அச்சிடுகிறவர்கள் எந்தப் பதிப்பு, எந்த முறை, எவ்வளவு உயரம், என்ன தரை, எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும், இவற்றைச் சொல்ல முடியாதவர்கள் எங்கள் பெயரையும் சொல்லக் கூடாது’ என்று ஒரே ஒரு அறிவிப்பு வெளியிட வேண்டுமெனப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்பின் தமிழாக்கம் ஒன்றை, கடைச் சுவரில் ஒட்டும் அளவில், பெரிய எழுத்தில் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பேக் கவர் வாங்குவோரில் ஒருவன்.