மொட்டைக்கும் ஜிஎஸ்டி

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், எங்கள் ஊர்க் கிளை.

பொருள்: என்னைச் சேமிப்புக் கணக்குதாரர் பட்டியலிலிருந்து நீக்கி, பெருங்கடனாளிகள் பட்டியலில் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

தங்கள் கிளையில் நெடுநாளாகச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். சேமிப்பு என்பது பெயரில்தான். சம்பளம் வந்த கையோடு வாடகை, பள்ளிக் கட்டணம், கேஸ், மளிகை என்று கரைந்துவிடும். மாதக் கடைசியில் மிச்சம் இருப்பது பாஸ்புக்கில் அச்சடிக்கும் மைக்குக்கூடக் காணாது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் குறுஞ்செய்தி வருகிறது: குறைந்தபட்ச இருப்பு பராமரிக்கவில்லை, ஆகவே 500 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 590. உன்னிடம் காசில்லை என்று காசில்லாதவனுக்கு எடுத்துச் சொல்வதும் ஒரு சேவை, சேவை என்றால் வரி உண்டு என்ற பொருளாதாரம் எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பியதற்கும் தனிக் கட்டணம் பிடித்திருக்கிறீர்கள். தூக்குத் தண்டனைக் கைதியிடம் கயிற்றுக்கு ரசீது நீட்டும் இந்த ஒழுங்கு வேறு எந்த அலுவலகத்தில் உண்டு?

அதே காலையில் இன்னொரு செய்தியும் வந்தது. எனக்கு 5 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கிறதாம், ஒரே சொடுக்கில் கிடைக்குமாம். 500 ரூபாய்க்கு என்னை நம்பாத வங்கி 5 லட்சத்துக்கு நம்புகிறது. அப்போதுதான் எனக்கு விவரம் வந்தது. தங்களிடம் பணம் போட்டு வைப்பவன் ஏமாளி, வாங்கிக்கொண்டு போகிறவன் வாடிக்கையாளர். அதிலும் திருப்பித் தராதவர் என்றால் விருந்தாளி.

பாரத ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை 2020 மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது. கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி எல்லாம் 2025-இன் நடுவில் கைவிட்டன. தங்கள் வங்கி மட்டும் கொள்கைக் குன்றாக நிற்கிறது. துணைக்கு ஆள் இல்லாமலும் இல்லை. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர் 50,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. ஊரே கத்திய பிறகு, சில நாளில் 15,000-க்கு இறங்கி வந்தது. ரிசர்வ் வங்கி ஆளுநரைக் கேட்டார்கள். குறைந்தபட்ச இருப்பை முடிவு செய்வது அந்தந்த வங்கியின் விருப்பம், அது எங்கள் வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் ரிசர்வ் வங்கி கறாராக இருக்கிறது. அபராதம் பிடிப்பதாலேயே ஒருவர் கணக்கு மைனசுக்குப் போய்விடக் கூடாதாம். இதைப் படித்து ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் தங்கள் சாமர்த்தியம் தெரிந்தது. இருப்பைச் சைபருக்குக் கொண்டுவந்து, மீதி அபராதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து எப்போது பணம் விழும் என்று காத்திருக்கிறீர்கள். உறுமீனுக்காகக் காத்திருக்கும் கொக்கைப் பற்றி நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். இந்தக் கொக்கு உறுமீனை வழியனுப்பிவிட்டுக் குஞ்சுமீனுக்காக ஒற்றைக் காலில் நிற்கிறது.

குஞ்சுமீன் 2023 செப்டம்பரில் வந்தது. தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பாத்திரம் தேய்க்கிறவர், களை பறிக்கிறவர், தெருமுனையில் பூக்கட்டுகிறவர் என்று எல்லாருக்கும் பணம் போட்டாகிவிட்டது என்று செய்தி. எங்கள் தெரு இட்லிக்கடை அக்கா ஏடிஎம்முக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "தம்பி, போட்டாங்கன்னு மெசேஜ் வந்துச்சு, எடுக்கப் போனா இல்லையே, யாரு எடுத்தா?" என்று கேட்டார். யாரென்று சொல்வேன்? பழைய அபராத நிலுவைக்கு வங்கியே எடுத்துக்கொண்டது. அவருக்கு மட்டும் இல்லை. மாநிலம் முழுவதும் புகார் கிளம்பி, அப்போது மாநில நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசுவே உரிமைத் தொகையில் கைவைக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு அறிக்கை விட வேண்டியதாயிற்று. அரசு கொடுத்த ஆயிரத்தை வழியிலேயே வாங்கிக்கொள்ள எந்தத் திருடனுக்கும் இத்தனை வசதி கிடையாது. அவன் இருட்டும் வரையாவது காத்திருக்க வேண்டும்.

ஐயா என்று எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. மரியாதையால் அல்ல.

2019-20 முதல் 2023-24 வரை ஐந்தே ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதமாகப் பொறுக்கிச் சேர்த்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. கணக்கில் காசு இல்லாதவர்களிடமிருந்து எடுத்த காசு இது. சரி, அந்தப் பக்கம் என்ன கணக்கு? 2023-24 வரையான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் ஏடுகளிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி. இதுவும் நாடாளுமன்றத்தில் சொன்னதுதான். நீக்கினோமே தவிரத் தள்ளுபடி செய்யவில்லை, வசூல் முயற்சி தொடர்கிறது என்பது விளக்கம். நல்லது. அக்கா கணக்கில் இன்னும் நிற்கும் 590-ஐயும் அப்படியே நீக்கிவிட்டு முயற்சியை நிதானமாகத் தொடருங்கள். அவர் எங்கும் போகமாட்டார், பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் வைத்திருந்த மல்லையா 2016 மார்ச் 2 அன்று விமானம் ஏறினார். அப்போது வங்கிகள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது 9,000 கோடிக்கு மேல்.

கேஒய்சி பற்றியும் ஒரு வார்த்தை. ஆபத்துக் குறைந்த வாடிக்கையாளர் பத்தாண்டுக்கு ஒருமுறை விவரம் புதுப்பித்தால் போதும் என்பது விதி. தாங்களோ நினைத்தபோதெல்லாம் கணக்கை முடக்கிவிட்டு, ஆதார் நகல், பான் நகல், புகைப்படம் கொண்டுவா என்று கூப்பிடுகிறீர்கள். மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் ஒரே கிளையிலிருந்து வைர வியாபாரி நீரவ் மோடி தரப்புக்காக, கடனுக்கு நாங்கள் பொறுப்பு என்னும் உறுதிக் கடிதங்கள் வெளிநாட்டுக்குப் போயின. அவை வங்கியின் கணினிக் கணக்கில் ஏறாமலே ஆண்டுக்கணக்காகப் போயின. 2018-இல் மோசடி வெளியே வந்தபோது தொகை 13,000 கோடியைத் தாண்டியது. அவருடைய புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று யாரும் திருப்பி அனுப்பியதாகத் தகவல் இல்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. பணம் இருந்தும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும், மோசடி என்று வகைப்படுத்திய கணக்குகளோடும்கூட வங்கிகள் சமரசமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம். எனக்கு அந்தத் தகுதி இல்லையென்று தெரியும். நான் வேண்டுமென்றே கட்டாதவன் அல்ல, வேறு வழியில்லாமல் கட்டாதவன். தயவுசெய்து என்னையும் மோசடிக்காரனாகக் கருதிப் பேச்சுவார்த்தைக்கு அழையுங்கள். அழைக்கும்போது ஒரு நாற்காலியும் போடுங்கள். இதுவரை கவுண்டருக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறேன்.

பேச்சுக்கு முன்மாதிரியும் இருக்கிறது. வீடியோகான் குழும நிறுவனங்கள் மீது ஏற்கப்பட்ட பாக்கி சுமார் 64,838 கோடி. 2,962 கோடி வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்று 2021 ஜூனில் மும்பையிலுள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது. கொடுக்கும்போதே, கடனில் விட்டுக்கொடுப்பதை வங்கி மொழியில் சொல்லும் முடிவெட்டா இது, முழு மொட்டையா என்று தீர்ப்பாயமே வியந்தது. அடுத்த ஜனவரியில் மேல்முறையீட்டில் அந்த ஒப்புதல் ரத்தாயிற்று, அது வேறு கதை. கடன் கொடுத்தவர்கள் தலையைக் குனிந்து மொட்டைக்கு உட்கார்ந்தது உண்மைதானே? எங்களூர் அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. தாங்கள் மட்டும்தான் எங்களுக்கு மொட்டை போட்டுவிட்டு ஜிஎஸ்டியும் கேட்கிறீர்கள்.

அதே விகிதத்தில் என் 590-ஐக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 ரூபாய் வருகிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன், சில்லறையாக. எண்ணிப் பார்த்துவிட்டு நிலுவை இல்லை என்று ஒரு சான்றிதழ் கொடுங்கள். அக்காவின் 27 ரூபாயும் தனிப் பொட்டலமாக உள்ளே இருக்கிறது. பொட்டலம் இட்லிக்கடைக் காகிதம், எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கட்டணத்துக்குப் பிடிக்கக் கணக்கில் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் குஞ்சுமீன்.