ஒரே டேப்லெட்டில் ஊர்ப்பட்ட காலண்டர்

இந்த வேலையைத் தொடங்க ஏற்ற நேரம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஆறு. ராகு காலம்தான். அதனால் என்ன, வேறெந்த நேரத்தில் தொடங்கினாலும் இதே பலன்தான்.

முதலில் வீட்டில் எத்தனை காலண்டர் ஓடுகிறது என்று பாருங்கள். அலுவலகத்துக்கு அவுட்லுக், சொந்த விஷயத்துக்கு கூகுள், ஐபேட் வாங்கியபோதே தானாக முளைத்த ஐகிளவுட், பிள்ளையின் பள்ளி அனுப்பிய லிங்க், அபார்ட்மென்ட் சங்கத்தின் தண்ணீர் லாரி அட்டவணை. இதற்குக் குறைவு என்றால் நீங்கள் மேலே படிக்க வேண்டாம். சமையலறைச் சுவரில் ஓர் ஆணி போதும்.

கணக்கைச் சேர்ப்பது சுலபம். செட்டிங்ஸில் காலண்டர் பகுதிக்குப் போய் 'ஆட் அக்கவுண்ட்' அழுத்தி, கூகுளைத் தொட்டு, பாஸ்வேர்டு போட்டு, போனுக்கு வரும் எண்ணைத் தட்டினால் முடிந்தது. யாருடைய போனுக்கு என்பதுதான் சிக்கல். வீட்டுக்காரரின் கணக்கென்றால் ஓடிபி அவருக்குப் போகும்; அவர் காய்கறிக் கடையில் நிற்பார். கண்ணாடியைத் தேடி எடுத்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். "இப்ப இது ரொம்ப அவசரமா?" என்று கேட்பார். அவசரமில்லைதான். ஆனாலும் ஆம் என்று சொல்லுங்கள்.

சேர்த்து முடித்துத் திறந்தால் அவரவர் சொந்தக் காலண்டர் மட்டும் தெரியும். பிறர் பகிர்ந்தவை வந்திருக்காது. இந்த இடத்தில் பலரும் ஐபேடைத் திட்டிவிட்டு, கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பார்கள். வேண்டாம். எந்தெந்தக் காலண்டர் ஆப்பிள் கருவிகளுக்குப் போக வேண்டும் என்று டிக் போட, 'சிங்க் செலக்ட்' என்று கூகுள் ஒரு தனிப் பக்கம் வைத்திருக்கிறது. வழக்கமான பட்டன்களில் அது கண்ணில் படாது. நாட்டு மருந்து ரகசியம் மாதிரி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தான் அது பரவுகிறது.

அடுத்தது பள்ளி லிங்க். 'இம்போர்ட்' செய்தால் அன்றைக்கு உள்ளதைப் பிரதி எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு பள்ளி தேர்வைத் தள்ளிப்போட்டாலும் உங்கள் டேப்லெட் பழைய தேதியிலேயே உறுதியாக நிற்கும். 'சப்ஸ்கிரைப்' செய்தால் மாற்றங்கள் வரும். எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கூகுள் வழியாகச் சப்ஸ்கிரைப் செய்த காலண்டர் புதுப்பிக்கப்படப் பல மணி நேரம் பிடிக்கும். மழைக்காக இன்று விடுமுறை என்று கலெக்டர் காலை ஆறு மணிக்கு அறிவித்தால், அது டேப்லெட்டுக்கு வந்து சேரும்போது தெருவில் தண்ணீரே வடிந்திருக்கும்.

காலை 9 மணிக்கு உள்ள பெற்றோர் கூட்டம் பிற்பகல் 2.30 என்று காட்டுகிறதா? பதற வேண்டாம். பள்ளியின் ஐசிஎஸ் ஃபைலை நோட்பேடில் திறங்கள். அது வெறும் எழுத்துதான், கடித்துவிடாது. கூட்டம் தொடங்கும் நேரத்துக்கான வரியில் ஆண்டு, மாதம், தேதி எல்லாம் ஒட்டினாற்போல் இருக்கும். பிறகு ஒரு 'டி', பிறகு 090000, அதன் வாலில் ஓர் 'இசட்'. அந்த இசட் இருந்தால் அது உலகப் பொது நேரம். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே ஓடுவதால் டேப்லெட் கடமை தவறாமல் கூட்டிக் காட்டுகிறது. இந்த விதிகளை 1998-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். 2009-ல் திருத்தி, ஆர்எஃப்சி 5545 என்று மறுபடி வெளியிட்டார்கள். யாரும் படிப்பதில்லை என்பதைத் தவிர அதில் பெரிய குறை இல்லை. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டு இசட்டை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். "மேடம், வாட்ஸ்அப்ல ஒம்போது மணின்னுதானே போட்டிருக்கோம்?" என்பார்கள்.

அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது வரும் நிபந்தனைகளை மட்டும் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். டேப்லெட்டை எங்கிருந்தோ உட்கார்ந்தபடி அழித்துவிடும் அதிகாரம் பல இடங்களில் ஐடி துறைக்குப் போய்விடும். நீங்கள் வேலையை விட்ட மறுநாள், பிள்ளை வரைந்த டைனோசர்களும் ராஜினாமா செய்துவிடக்கூடும். 'டீஃபால்ட் காலண்டர்' எது என்பதையும் கையோடு பாருங்கள். அது அலுவலகத்தில் நின்றால், "மூல டாக்டர், மாலை 6" என்று நீங்கள் அவசரமாகத் தட்டியதை உங்கள் டீம் முழுவதும் படித்து, ஆறு மணிக்கு எந்த மீட்டிங்கும் வைக்காமல் ஒத்துழைக்கும்.

மாமியாருக்காகப் பஞ்சாங்கமும் சேர்ப்பீர்கள். ஒன்றோடு நிறுத்துங்கள். வாக்கியம், திருக்கணிதம் இரண்டையும் சேர்த்தால் சனி இரண்டு முறை பெயர்வார். 2023-ல் திருக்கணிதப்படி பெயர்ச்சி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20, திருநள்ளாறும் அந்தப் பக்கம். இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் சர்வர் எதுவும் இன்னும் பிறக்கவில்லை.

இப்போது அத்தையின் பிறந்தநாள் மூன்று நிறத்தில் மூன்று முறை தெரியும். காண்டாக்ட்ஸிலிருந்து ஒன்று, கூகுளிலிருந்து ஒன்று, யாரோ கையால் போட்டது ஒன்று. அலாரமும் மூன்று. ஆத்திரத்தில் எதையும் டெலீட் செய்துவிடாதீர்கள். சிங்க் என்றால் அழிப்பதும் சேர்த்துத்தான், வீட்டில் எல்லார் போனிலிருந்தும் அத்தை ஒரே நொடியில் மறைந்துவிடுவார். காலண்டர் பட்டியலில் வேண்டாததன் டிக்கை எடுத்தால் அது பார்வையிலிருந்து மட்டும் போகும். இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாமல் சொன்ன ஒரே யோசனை இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாஸ்வேர்டை மாற்றும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதற்கெல்லாம் முன்பே மாற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு மாற்றினால் அந்தக் காலண்டர் சத்தமில்லாமல் நின்றுவிடலாம். பழைய தேதிகள் திரையில் அப்படியே இருப்பதால், நின்றதே தெரியாமல் வாரக்கணக்கில் ஓடும்.