எட்டும் கைகள்

வீட்டுச் சாமான்களின் மென்பொருளை நினைத்தபோது மாற்றும்படி வடிவமைத்தவர்களே, உங்களைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுத வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. பொருளை விற்றவனின் கை முன்பெல்லாம் கடை வாசலோடு நின்றுவிடும். உங்கள் கையோ விற்ற பிறகுதான் நீளத் தொடங்குகிறது. நாங்கள் தூங்கும்போது கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து, வேலையை முடித்துவிட்டுப் போகிறது.

கேட்காமல் நுழைகிறீர்கள் என்று உங்களைக் குறை சொல்லவும் முடியாது. என் வீட்டு டிவி நேற்றிரவு செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, 'அப்டேட் தயார்' என்றது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'இப்போது', 'பிறகு'. 'வேண்டாம்' என்ற பொத்தானைத் தேடி அலையும் சிரமத்தை எனக்கு நீங்கள் வைக்கவில்லை.

உங்கள் வேகத்துக்குச் சாட்சி, அமெரிக்காவில் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுக்குப் போன அப்டேட். வீட்டின் வெப்பத்தை ஆளும் வட்டமான சுவர்க் கருவி அது. 2015 டிசம்பரில் அனுப்பினார்கள். ஒரு ஆள் படியேறவில்லை, ஒரு திருகாணி கழலவில்லை; வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே இருந்த பிழையும் அதே சுறுசுறுப்போடு போய்ச் சேர்ந்தது. ஜனவரிக் குளிரில் பேட்டரி வடிந்து கருவி அணைய, வீடுகள் சில்லிட்டுப் போயின. கருவியைச் சுவரிலிருந்து கழற்று, யுஎஸ்பி கேபிளில் கால் மணி நேரம் சார்ஜ் ஏற்று, மறுபடி மாட்டு, பொத்தானை அழுத்து, காத்திரு... இப்படி ஒன்பது படிகள் அதை எழுப்ப. குளிரில் விறைத்த விரல்களால் அந்த ஒன்பதையும் ஏறியவர்கள் வீட்டுக்காரர்கள். எளிதான பாதி உங்களுக்கு, மீதி எங்களுக்கு என்று வேலையைப் பங்கிட இவ்வளவு நேர்த்தியாக வேறு யாருக்கு வரும்?

2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் நிறுவனம் ஒரு மாடல் பூட்டுக்கு எழுதிய மென்பொருளை இன்னொரு மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பேரின் பூட்டுகள் எண்ணை அழுத்தினால் திறக்க மறுத்தன. விருந்தினருக்கு வீட்டை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி-காரர்களும் அதில் உண்டு. கெட்டுப்போன பூட்டு, நிறுவனத்தோடு பேசும் சக்தியையும் இழந்திருந்ததால், அனுப்பிய வழியிலேயே திருத்தத்தை அனுப்ப முடியவில்லை. பூட்டின் பின்பாகத்தைக் கழற்றி அஞ்சலில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் போலக் காத்திருக்க வேண்டும். மாற்றுப் பூட்டு வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கும் மேல். காற்றில் பறந்து வந்த மென்பொருளுக்காகத் தபால்காரர் நடக்க வேண்டியதாயிற்று.

இதைத் தடுக்கும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. நினைவகத்தில் இரண்டு இடம் ஒதுக்கி, ஓடும் மென்பொருளை ஒன்றில் அப்படியே விட்டு, புதியதை மற்றதில் இறக்குவது. புதியது எழவில்லையென்றால் பழையதே எழுந்து நிற்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இந்த ஏற்பாடு 2016-லேயே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் கொடுத்து நாங்கள் வாங்கும் பொருளில் அந்தச் சிறு சில்லுக்கான செலவை மிச்சம் பிடிக்கிறீர்களே, அந்தச் சிக்கனத்தை எங்கள் வீட்டில் யாருமே கற்கவில்லை. ஆனால் லாக்ஸ்டேட் பூட்டில் பழைய சாவித்துவாரத்தையும் விட்டுவைத்த அந்த ஒருவரை மட்டும் தனியாக நிறுத்திக் கும்பிடுகிறேன். அன்று சாவி கையில் இருந்தவர்கள் உள்ளே போனது அவரால்தான்.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத கொடையும் உங்களிடம் உண்டு. அமெரிக்காவில் சாம்சங்கின் திரை வைத்த ஃபிரிட்ஜை 1,800 டாலர் முதல் 3,499 டாலர் வரை கொடுத்து வாங்கியவர்களுக்கு, வாங்கும்போது இல்லாத ஒன்று 2025-இல் அப்டேட் வழியாக வந்தது: சமையலறையில் விளம்பரம். அதற்கென்று தனியாகக் காசு வாங்கவில்லை.

இவற்றையெல்லாம் மிஞ்சிய கைவேலை ரிவால்வ். விளக்கு, பூட்டு, ஸ்பீக்கர் என்று வெவ்வேறு நிறுவனச் சாமான்களை ஒரே கைப்பேசியில் கட்டி ஆளும் சிவப்பு நிறப் பெட்டி. விலை 299 டாலர். சந்தா கட்ட வேண்டாம், ஆயுள் முழுக்கச் சேவை என்று சொல்லி விற்றார்கள். அந்தத் தெர்மோஸ்டாட்டைச் செய்த நெஸ்ட், பெட்டியைச் செய்த நிறுவனத்தை 2014-இல் வாங்கியது. 2016 மே 15 முதல் சேவை இல்லை, பெட்டி இயங்காது என்று அறிவித்தார்கள். ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று வாங்கியவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சொல்லாத சொல்லை நீங்கள் மீறவும் இல்லை. கடைசியாக ஒரே ஒரு அப்டேட் அனுப்பி, வெளியார் துணையின்றி வீட்டுக்குள்ளேயே அது இயங்க ஒரு வழி தேடியிருக்கலாம். எவ்வளவு தூரத்திலிருந்தும் எட்டும் கைதானே! அந்த ஒரு முறை மட்டும் அது நீளவில்லை.

சேவை நின்ற மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு எரிந்த கம்பியோ உடைந்த பாகமோ ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. அவ்வளவு சுத்தமான வேலை.