கூச்சமே மூலதனம்: சேவைச் சங்க வசூலியல் குறித்து ஓர் ஆய்வு

மாவட்டத் தலைநகரங்களிலும் அவற்றை அடுத்த சிற்றூர்களிலும் இயங்கும் ரோட்டரி, லயன்ஸ் முதலிய சேவைச் சங்கங்கள் நிதி திரட்டப் படாத பாடு படுகின்றன. இதற்குக் காரணம் கேட்டால் வியாபாரம் டல் என்பார்கள், ஜி.எஸ்.டி. என்பார்கள், இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை என்பார்கள். இவை காபி நேரத்துப் பேச்சுக்குப் போதும், ஆய்வுக்கு உதவா. வியாபாரம் அமோகமாக நடக்கும் காலத்திலும் பொருளாளர் அதே முகத்தோடுதான் எழுந்து நிற்கிறார். இக்கட்டுரை நிறுவ விரும்புவது வேறொன்று: சேவைச் சங்கத்தின் மூலதனம் உறுப்பினர்களின் ஈகைக் குணமன்று, அவர்களுடைய கூச்சம். அது சுரக்கும் இடத்தில் பணம் சேர்கிறது. வற்றிய இடத்தில் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறுகிறது.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சங்கங்களை அமைத்தவர்களே அறிந்திருந்தார்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு கூடியதில் ரோட்டரி பிறந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது அதன் ஆரம்பகால விதி. உள்ளுக்குள் தொழில்போட்டி கூடாது என்பதற்காக என்று விளக்கம் சொல்வார்கள். வசூலியல் நோக்கில் பார்த்தால் விதியின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. அச்சகக்காரர் ஒருவர்தான் என்றால், அழைப்பிதழ் அடிக்கும் பேச்சு வந்ததும் அத்தனை கண்களும் அவர்மேல் போய் விழும். அவர் யாரைக் கைகாட்ட முடியும்? ஆடிட்டருக்கும் இதே கதி. 1917-ல் அதே சிகாகோவில் காப்பீட்டு முகவர் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று உருவாக்கிய லயன்ஸ் இன்னும் துணிச்சலானது. கூச்சத்தை வசூலிப்பதற்கென்றே டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி வைத்தது. டை கட்டாததற்கும், பேட்ஜ் மறந்ததற்கும், பத்திரிகையில் படம் வந்ததற்கும் அபராதம் போடுபவர் இவர். மாதிரி விதிகளின்படி இவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது; ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் அபராதம் கூடாது; இவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். நீதிபதிகளுக்கும் வாய்க்காத பாதுகாப்பு. அபராதம் கட்டுபவர் சிரித்துக்கொண்டே கட்டுகிறார் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. வருமான வரித்துறை இதைப் பொறாமையோடு படிக்க வேண்டும்.

இனி வாரக் கூட்டத்துக்கு வருவோம். தலைவர் மணி அடிக்கிறார். செயலர் அறிக்கை, பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து. சேவைச் சங்கத்தில் திருமண நாள் என்பது இல்வாழ்க்கை சம்பந்தப்பட்டது அல்ல, அன்றைய சாப்பாட்டுச் செலவு சம்பந்தப்பட்டது. வாழ்த்துப் பெற்றவர் கைதட்டலுக்கிடையில் எழுந்து, இன்றைய ஃபெல்லோஷிப் என்னுடையது என்கிறார். பிறகுதான் திட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ஐம்பது செட் குறைகிறது, யாராவது ஏற்றுக்கொள்ள முடியுமா என்று தலைவர் கேட்கிறார். அந்த நொடியில் மண்டபத்தில் நடப்பதை ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருவர் சிற்றுண்டித் தட்டில் மிச்சமிருக்கும் கேசரியில் முந்திரி தேடுகிறார். இருவர் அதிராத செல்போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். மருத்துவர் கூரையைப் பார்க்கிறார். தலைவர் அவசரப்படாமல் பேரேட்டைப் பார்ப்பது போல் குனிந்திருக்கிறார். இந்த மௌனத்தைக் கலைக்காமலிருக்கத் தெரிந்தவர்தான் நல்ல தலைவர். கடைசியில் ஹார்டுவேர் கடைக்காரர் பத்து செட் என்கிறார். உடனே பக்கத்து நாற்காலியும் பத்து. பிறகு தடையேதும் இல்லை. சாப்பாடு இதற்குப் பின்னால் வைக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நிகழ்ச்சி நிரலை இன்னொரு முறை படிக்கட்டும்.

கூச்சத்தை முதல் போட்டால் பெருமிதம் வட்டியாக வரும் என்பதையும் சங்கங்கள் கண்டன. ரோட்டரி அறக்கட்டளைக்கு வந்த முதல் நன்கொடை, 1918-ல் கேன்சஸ் சிட்டி சங்கம் கொடுத்த 26.50 டாலர். 1957-ல் பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்ற கௌரவம் ஏற்பட்டது. ஆயிரம் டாலருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின். லயன்ஸில் மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ. அதன் பிறகு நம்மூர் அழைப்பிதழ்களில் பெயருக்குப் பின்னால் பி.எச்.எஃப்., எம்.ஜே.எஃப். என்று எழுத்துகள் முளைத்தன. பின் குத்தாத சட்டை எல்லோருக்கும் தெரிகிறது என்ற எண்ணமே போதும், யாரும் கேட்க வேண்டியதில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். 1985-ல் ரோட்டரி போலியோ ஒழிப்பில் இறங்கியதும், 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத வட்டாரத்தில் சேர்ந்ததும் வெறும் கூச்சத்தின் விளைவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொட்டு மருந்து புகட்டிய தொண்டர்களும் சுகாதார ஊழியர்களும் நடந்த நடைக்கு இக்கட்டுரை தலைவணங்குகிறது. ஆனால் ஆய்வுப்பொருள் பணம் எங்கிருந்து கிளம்பியது என்பதுதான். போய்ச் சேர்ந்த இடம் நல்ல இடமாக இருப்பது கோட்பாட்டைப் பாதிக்காது. அடுத்த மறுப்பு வலுவானது. விழா மலரில் முழுப்பக்கம் வெறுமையாக, வாழ்த்துகளுடன் நலம் விரும்பி என்று மட்டும் அச்சாகியிருக்கிறதே, பெயர் சொல்லாத இந்த மனிதர் கர்ணன் பரம்பரை இல்லையா? இல்லை. கடைக்கு வந்து நின்ற நான்கு உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல முடியாமல் கொடுத்தார். பெயர் போட்டால் அடுத்த வாரம் வேறு சங்கத்தார் அந்த மலரையே கையில் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். ஆகவே மறைந்தார். கொடுத்ததும் கூச்சம், ஒளிந்ததும் கூச்சம்.

கியூஆர் கோடு வந்துவிட்டதே, இனி வசூல் எளிதல்லவா என்பது இளைய உறுப்பினர்களின் வாதம். வாட்ஸ்அப் குழுவில் கியூஆர் கோடு போட்டதும் கும்பிட்ட கைகள் வரிசையாக வருகின்றன, பணம் வருவதில்லை. அங்கே யார் கண்ணும் யாரையும் பார்ப்பதில்லை. அனுபவமுள்ள பொருளாளர் கியூஆர் கோடை அனுப்பிவிட்டு, கட்டியவர் பட்டியலை மணிக்கொரு முறை பதிவிடுகிறார். மூன்றாவது பதிவுக்குள் பட்டியல் நீளத் தொடங்குகிறது.

இத்தனை நுட்பமான ஏற்பாடு இருந்தும் ஏன் தட்டுப்பாடு? கூச்சம் ஒருவரையொருவர் தெரிந்தவர்களுக்கிடையில் மட்டுமே சுரக்கும் என்பதால். மெல்லிசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் புத்தகம் அடித்தால் உறுப்பினர்களே வாங்கி, கடைப் பையன்களிடம் கொடுத்தனுப்புகிறார்கள், ஊர் வாங்குவதில்லை. அதே நாற்பது பைகள்தான் திரும்பத் திரும்பத் திறக்கின்றன. ஒருவரிடம் ஓர் ஆண்டில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சங்க ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. வாய்மொழியில் ஏற்ற பத்து செட்டுகள் பலவும் அதற்குள் வந்து சேர்வதில்லை. ஜூலை 1-ல் பதவி இறங்குகிறவர் கணக்கில் பள்ளம் விட்டுப் போக முடியாது. எனவே ஜூன் கடைசி வாரத்தில் தலைவர் யாரிடமும் சொல்லாமல் தன் கைக்காசைப் போட்டு நிரவுகிறார். மொத்தச் சங்கத்தின் கூச்சமும் ஒரே ஆளிடம் வந்து நிற்கும் வாரம் அது. அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு மட்டும் பாதிப் பேர் வெளியூர் போய்விடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.